தன்னுடல் தாக்கும் ஈரல் நோய்கள்: பெண்ணுக்கும் ஆணுக்கும் ஏன் வெவ்வேறு கணக்கு?

"தன்னுடல் தாக்குநோயா? அது பொம்பளைங்களுக்கு வர்றதுதானே" என்ற பேச்சு இப்போது கோலாலம்பூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் வரை வந்துவிட்டது. லூபஸ், தைராய்டு, மூட்டுவாதம் ஆகியவற்றைப் பார்த்தவர்களுக்கு அது சரியாகவே படும். தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள் என்பது மருத்துவ உலகில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. 2024-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு மூலக்கூறு விளக்கம் தந்த பிறகு அந்தப் பேச்சு இன்னும் வலுத்தது.

ஆனால் கல்லீரலுக்கு வரும்போது இந்தக் கணக்கு நேராகப் போவதில்லை. ஈரலைத் தாக்கும் மூன்று முக்கிய நோய்களில் இரண்டு பெண்களிடம் மிகுதி, மூன்றாவது ஆண்களிடம் மிகுதி. அதோடு, யாருக்கு நோய் அதிகம் வருகிறது என்பது ஒரு கேள்வி. வந்த நோய் யாருக்குத் தாமதமாகத் தெரிகிறது என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு உடல் பதில் சொல்லும். இரண்டாவதற்கு வீட்டிலும் கிளினிக்கிலும் நாம் வைத்திருக்கும் முன்முடிவுகள்தான் பெருமளவு பதில். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஆட்கள் பாதிக்கப்படுகிறார்கள்.

மூன்று நோய்கள், மூன்று இடங்கள்

தன்னுடல் தாக்குநோய் என்பது கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம் சொந்தத் திசுவையே பகையாகக் கருதித் தாக்குவது. ஈரலில் அது எந்த இடத்தைத் தாக்குகிறது என்பதைப் பொறுத்து நோயின் பெயர் மாறும்.

1. ஆட்டோஇம்யூன் ஹெப்படைட்டிஸ், சுருக்கமாக ஏ.ஐ.எச். ஈரல் செல்களே தாக்கப்படுகின்றன. நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் மூவர் பெண்கள். சிறு பிள்ளை முதல் எழுபது வயதுப் பாட்டி வரை யாருக்கும் வரலாம். பெரியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் கண்டுபிடிக்கப்படும்போதே சிரோசிஸ் எனப்படும் ஈரல் இறுக்கம் வந்திருக்கும்.

2. பிரைமரி பிலியரி கோலஞ்சைட்டிஸ், பி.பி.சி. ஈரலுக்குள் இருக்கும் நுண்ணிய பித்தநீர்க் குழாய்கள் தாக்கப்படுகின்றன. வடிகால் அடைபட்டால் தண்ணீர் தேங்கிக் கரையை அரிப்பதுபோல், தேங்கும் பித்தநீர் ஈரலை அரிக்கிறது. பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள் என்று பழைய நூல்கள் எழுதின. அண்மைக்கால ஆய்வுகளில் ஓர் ஆணுக்கு நான்கு முதல் ஆறு பெண்கள் என்ற அளவு வருகிறது. நாற்பது முதல் அறுபது வயதில் மிகுதி.

3. பிரைமரி ஸ்கிளரோசிங் கோலஞ்சைட்டிஸ், பி.எஸ்.சி. பெரிய பித்தநீர்க் குழாய்களும் தழும்பேறிக் குறுகிப்போகின்றன. 37 மருத்துவ மையங்களிலிருந்து 7,121 நோயாளிகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த ஆய்வில் 65.5 விழுக்காட்டினர் ஆண்கள். பத்தில் ஏழு பேருக்குக் குடல் அழற்சி நோயும் இருந்தது. முப்பது, நாற்பது வயதுகளில் வருவது. ஆசியாவில் ஒப்பளவில் குறைவு.

மூன்றாவதைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அது மற்ற இரண்டைப் போன்ற அச்சு அசலான தன்னுடல் தாக்குநோய் அல்ல. அதற்கென்று தனி எதிர்ப்பொருள் கிடையாது. நோயெதிர்ப்பைத் தணிக்கும் ஸ்டீராய்டு மாத்திரைக்கும் அது அடங்குவதில்லை. குடலோடு நெருங்கிய தொடர்புள்ளது. பெண்களுக்கே உரியது என்ற பொது விதிக்கு அது கட்டுப்படாததில் வியப்பில்லை.

உடல் செய்யும் வேறுபாடு

பெண்ணின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள், ஆணிடம் ஒன்று. நோயெதிர்ப்பை இயக்கும், அடக்கும் மரபணுக்கள் பல இந்த எக்ஸில்தான் இருக்கின்றன. எதிர்ப்புச் செல்களைக் கட்டுக்குள் வைக்கும் ஃபாக்ஸ்பி3 அவற்றில் ஒன்று. இரண்டும் ஒருசேர வேலை செய்தால் அளவு இரட்டிப்பாகிவிடும் என்பதால், பெண்ணின் ஒவ்வொரு செல்லும் ஒரு எக்ஸை அடக்கி வைக்கிறது. அந்த அடக்கம் முழுமையானதல்ல. சில மரபணுக்கள் தப்பித்து இரண்டு பக்கமும் இயங்குகின்றன.

2024 ஆய்வு பேசியது இந்த அடக்கும் வேலையைச் செய்யும் எக்ஸிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ. மூலக்கூறைப் பற்றி. அது பெண் செல்களில் மட்டும் உருவாகி, பல புரதங்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு பெரும் கூட்டாக எக்ஸின் மேல் படிகிறது. செல் இறக்கும்போது அந்தக் கூட்டு வெளியே வர, நோயெதிர்ப்பு மண்டலம் அதைப் பகையாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆண் எலிகளிலும் எக்ஸிஸ்டை உருவாகச் செய்து, பிறகு நோயைத் தூண்டிப் பார்த்தபோது அவற்றுக்கும் பெண் எலிகளைப் போலவே லூபஸ் வகை நோய் வந்தது. ஆய்வு நடந்தது எலியில். பார்த்தது லூபஸ் வகை நோயை. ஈரல் நோய்க்கு இதை அப்படியே பொருத்திப் பேசும் காணொளிகள் ஆய்வு சொல்லாததைச் சொல்கின்றன.

ஈரல் நோயாளிகளிடமே செய்த ஆய்வும் உண்டு. 2004-இல், பி.பி.சி. உள்ள பெண்களின் வெள்ளணுக்களில் ஒரு எக்ஸ் குரோமோசோமையே இழந்துவிட்ட செல்கள், அதே வயதுடைய மற்றப் பெண்களைவிட அதிகம் என்று கண்டார்கள்.

ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி செல்களை ஈஸ்ட்ரோஜன் ஊக்குவிக்கிறது, டெஸ்டோஸ்டிரோன் தணிக்கிறது. ஆனால் ஹார்மோன் மட்டுமே காரணமாக இருந்தால் மாதவிலக்கு நிற்கும் வயதில் பி.பி.சி. ஏன் உச்சத்துக்கு வருகிறது என்பதற்கு விடை இல்லாமல் போகும்.

வாழ்க்கைமுறையும் உடலுக்குள் நுழைகிறது. 2005-இல் அமெரிக்காவில் 1,032 பி.பி.சி. நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில் சிறுநீர்த் தொற்று, புகைப்பழக்கம், ஹார்மோன் மாத்திரை, நகச்சாயம் ஆகியவற்றோடு தொடர்பு தெரிந்தது. இது தொடர்புதான், காரணம் என்று நிறுவப்படவில்லை. நகச்சாயத்தைத் தூக்கிப் போட்டால் நோய் வராது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்ப்போம்

செந்தூலில் ஒரு கிளினிக்கில் 46 வயதுப் பெண் ஒருவர் ரத்தம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். தாளில் இப்படி இருக்கிறது: பிலிருபின் சரி. ஏ.எல்.டி. 38. ஏ.எல்.பி. 190. ஜி.ஜி.டி. 210. அல்புமின் சரி.

ஏ.எல்.டி. என்பது ஈரல் செல் சேதமாகும்போது ரத்தத்தில் கசியும் நொதி. பல ஆய்வகங்கள் 40 அல்லது அதற்கு மேல் வரை சரி என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எல்லையை அச்சிடுகின்றன. அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி 2017-இல் சொன்ன ஆரோக்கிய எல்லை வேறு: ஆணுக்கு 29 முதல் 33, பெண்ணுக்கு 19 முதல் 25. ஆக, தாளில் நட்சத்திரக் குறி விழாத அந்த 38, இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே கூடுதல்.

ஏ.எல்.பி. என்ற நொதி பித்தநீர்க் குழாயிலிருந்தும் வரும், எலும்பிலிருந்தும் வரும். மாதவிலக்கு நிற்கும் வயதில் எலும்பு தேய்வதால் ஏ.எல்.பி. சற்று ஏறுவது வழக்கம். "இந்த வயசுல அப்படித்தான், கால்சியம் சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட இதுவே போதும். ஆனால் ஜி.ஜி.டி. என்ற இன்னொரு நொதி எலும்பிலிருந்து வருவதில்லை. இரண்டும் சேர்ந்து ஏறினால் ஈரலையும் பித்தநீர்க் குழாயையும் பார்க்க வேண்டும். அடுத்துக் கேட்க வேண்டியது ஏ.எம்.ஏ. என்ற எதிர்ப்பொருள் பரிசோதனை. பி.பி.சி. நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அது பாசிட்டிவாக இருக்கும். ஏ.எல்.பி. தொடர்ந்து கூடுதலாக இருந்து ஏ.எம்.ஏ.வும் பாசிட்டிவ் என்றால், பெரும்பாலும் ஈரலில் ஊசி போட்டுத் திசு எடுக்காமலே நோயை உறுதி செய்துவிடலாம்.

இப்போது அதே தாளில் பெயரை மட்டும் மாற்றி 46 வயது ஆண் என்று போடுங்கள். ஜி.ஜி.டி. 210 என்றதும் முதல் கேள்வி என்ன வரும்? "எவ்வளவு குடிப்பீங்க?" மது ஜி.ஜி.டி.யை ஏற்றும், உண்மை. பித்தநீர்க் குழாய் நோயும் அதே அளவுக்கு ஏற்றும். தொடவே தொடாதவர் என்று அவர் சொன்னாலும், மருத்துவரும் நம்பாமல், வீட்டுக்காரியும் நம்பாமல் போகும் நிலை இதனால் வருகிறது.

தாளின் ஓரத்தில் குளோபுலின் என்று ஒரு வரி இருக்கும். மொத்தப் புரதத்தில் அல்புமினைக் கழித்தால் வருவது அது. ஏ.ஐ.எச். நோயில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருள் பெருகுவதால் இந்த எண்ணும் ஏறும். கூடுதல் செலவில்லாமல் ஏற்கெனவே கையில் இருக்கும் துப்பு இது. ஏ.எல்.டி.யும் குளோபுலினும் சேர்ந்து கூடியிருந்தால், கொழுப்பு ஈரல் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஐ.ஜி.ஜி. பார்க்கக் கேளுங்கள். நம்மில் நீரிழிவும் தொப்பையும் மிகுதி என்பதால் கொழுப்பு ஈரல்தான் இன்று முதல் ஊகமாக வருகிறது. அது இருப்பவருக்கு ஏ.ஐ.எச்.சும் சேர்ந்து இருக்கலாம்.

மதிப்பெண் பட்டியலுக்குள்ளேயே பால்

ஏ.ஐ.எச். நோயை ஒரே பரிசோதனையால் உறுதி செய்ய முடியாது. அதனால் பல கூறுகளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறையை வல்லுநர் குழு ஒன்று வகுத்தது. அதன் 1999 திருத்தத்தில் பெண்ணாக இருந்தால் 2 மதிப்பெண் கூடுதல். தூய ஆல்கஹால் கணக்கில் தினமும் 25 கிராமுக்குக் குறைவாக மது அருந்துபவருக்கு 2 கூடும். 60 கிராமுக்கு மேல் என்றால் 2 குறையும்.

இதைக் கூட்டிப் பார்த்தால், அந்த 60 கிராமைத் தாண்டிக் குடிக்கும் ஓர் ஆண், குடிக்காத ஒரு பெண்ணைவிட 6 மதிப்பெண் பின்னால் நின்று தொடங்குகிறார். சிகிச்சைக்கு முன் 10 முதல் 15 வரை இருந்தால் இருக்கலாம், 15-ஐத் தாண்டினால் உறுதி என்று சொல்லும் பட்டியலில் 6 என்பது பெரிய இடைவெளி. ஆய்வுக்காக நோயாளிகளை ஒரே மாதிரி பிரிக்க உருவான பட்டியல் அது. ஒரு கூட்டத்தின் சராசரியை எடுத்துத் தனி ஒருவரின் நோய்க்கணிப்பில் போடும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 2008-இல் வந்த எளிய பட்டியல் பாலையும் மதுவையும் நீக்கிவிட்டு எதிர்ப்பொருள், ஐ.ஜி.ஜி., திசுப் பரிசோதனை, வைரஸ் ஹெப்படைட்டிஸ் இல்லாமை ஆகிய நான்கை மட்டும் வைத்துக்கொண்டது. சரியான திருத்தம்.

பெண்ணின் சோர்வு, ஆணின் "குடி"

பட்டியல் திருந்தியது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் திருந்துவதில்லை.

பி.பி.சி.யின் இரண்டு பெரிய தொல்லைகள் சோர்வும் அரிப்பும். பெண்களுக்கு, அதிலும் இளம் வயதுப் பெண்களுக்கு, அரிப்பு கூடுதல். உள்ளங்கை, உள்ளங்கால் அரிக்கும், இரவில் கூடும், வெக்கையில் இன்னும் மோசமாகும், தோலில் மட்டும் ஒன்றும் தெரியாது. கோலாலம்பூர் வெயிலில் இதை வேர்க்குரு என்றும், பாத்திரம் கழுவும் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்லிவிடுவது எளிது. சோர்வுக்கோ பதில் தயாராகவே இருக்கிறது: வேலைக்கும் போய் வீட்டையும் பார்த்தால் அசதி இருக்கத்தானே செய்யும், மாதவிலக்கு நிற்கும் நேரம் வேறு. அந்தச் சோர்வுக்கும் ரத்த எண்களுக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்பது இன்னொரு கொடுமை. மாத்திரையால் ஏ.எல்.பி. இறங்கிய பிறகும் சோர்வு அப்படியே நிற்கலாம். "ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் சொல்வதால் அவர் பொய் சொல்பவராகிவிட மாட்டார். அது நோயின் பகுதி.

ஆண்கள் பக்கம் வேறு சிக்கல். தோட்டக் காலம் தொட்டு சம்சு என்ற மலிவுச் சாராயம் நம் குடும்பங்களில் செய்த அழிவு பொய்யல்ல. அந்த நினைவினால்தான் தமிழ் ஆண் ஒருவருக்கு ஈரல் கோளாறு என்றதும் "குடிச்சுக் கெடுத்துக்கிட்டான்" என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. பி.பி.சி. பெண்கள் நோய் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ள, ஆண்களுக்கு ஏ.எம்.ஏ. பரிசோதனை கேட்கவே தோன்றுவதில்லை. ஆண்களுக்கு அந்த நோய் முற்றிய கட்டத்தில் தெரியவருவது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

அதன் விலை சிகிச்சையில் தெரிகிறது. முதல் மருந்தான உர்சோடியாக்ஸிகோலிக் அமிலத்துக்கு, 2013-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில் பெண்களில் 80 விழுக்காட்டினரும் ஆண்களில் 72 விழுக்காட்டினரும் நல்ல பலன் கண்டார்கள். வயது இதைவிடப் பெரிய வேறுபாடு காட்டியது: எழுபதுக்கு மேற்பட்டவர்களில் 90 விழுக்காடு, முப்பதுக்குக் குறைந்தவர்களில் பாதிக்கும் கீழே. ஆக, கவலைப்பட வேண்டியவர்கள் இரு சாரார்: ஆண்கள், மிக இளம் பெண்கள். பலன் போதவில்லை என்றால் ஃபைப்ரேட் வகை மருந்துகள் உண்டு. எலாஃபிப்ரானோர், செலடெல்பார் என்ற புதிய இரண்டும் 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

பி.எஸ்.சி.யில் நிலை தலைகீழ். அங்கே பெண்களுக்கு நோய் சற்று மெதுவாக நகர்கிறது, குடல் நோயும் குறைவு. அதனாலேயே பெண்களிடம் அது சந்தேகிக்கப்படாமல் போகவும் கூடும்.

கர்ப்பம், பிரசவம், பத்தியம்

கர்ப்ப காலத்தில் வயிற்றுப் பிள்ளையைத் தாக்காமலிருக்க நோயெதிர்ப்பு தன் வேகத்தைத் தணித்துக்கொள்ளும். அதனால் ஏ.ஐ.எச். பெரும்பாலும் அப்போது அடங்கியிருக்கும். பிரசவத்துக்குப் பின் அந்தத் தணிப்பு விலகும்போது நோய் திரும்பச் சீறும் வாய்ப்பு அதிகம். முதல் ஆறு மாதத்தில் ரத்தப் பரிசோதனையை விடவே கூடாது. குழந்தையின் ஊசித் தேதியை மறக்காத குடும்பம் தாயின் தேதியை மறந்துவிடுகிறது.

மருந்து விஷயத்தில் தெளிவு வேண்டும். நோயெதிர்ப்பைத் தணிக்கும் அசாதயோபிரின், பிரெட்னிசலோன் இரண்டையும் மருத்துவர் மேற்பார்வையில் கர்ப்பத்திலும் தொடரலாம். தானாக நிறுத்துவதே ஆபத்து. அதே வகை மருந்தான மைக்கோபீனலேட் மட்டும் கருவுக்கு ஊனம் விளைவிக்கும். கருத்தரிக்கக் குறைந்தது ஆறு வாரம் முன்பே அதை மாற்ற வேண்டும்.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வரும் அரிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு: கர்ப்பகாலப் பித்தநீர்த் தேக்கம். பிரிட்டனில் மொத்தத் தாய்மாரில் 0.7 விழுக்காட்டினருக்கு இது வருகிறது, இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களில் 1.2 முதல் 1.5 விழுக்காடு. பிள்ளை பிறந்ததும் அது போய்விடும். சில வாரங்கள் கடந்தும் அரிப்போ நொதிகளோ இறங்காவிட்டால் பி.பி.சி. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் வீட்டில் நுழையும் மருந்துகளையும் பேசாமல் விட முடியாது. பத்திய மருந்து, சில குடும்பங்களில் மலாய் மருத்துவச்சி தரும் ஜாமு என்ற மூலிகை மருந்து, இப்போது மஞ்சள் கேப்சூல். ரசத்தில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை. மிளகுச் சாறு சேர்த்த அடர் மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் அழற்சி வந்தவர்கள் அமெரிக்காவில் முறையாகப் பதிவாகியிருக்கிறார்கள். கோவிட் காலத்தில் சீந்தில் கொடியைக் குடித்தவர்களிடம் ஏ.ஐ.எச். போன்ற ஈரல் பாதிப்பை 2021-இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கலப்பட ஜாமுவில் ஸ்டீராய்டு இருப்பதை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே பலமுறை அறிவித்திருக்கிறது. அந்த ஸ்டீராய்டு ஏ.ஐ.எச்.சைத் தற்காலிகமாக அடக்கி மறைக்கும். ஜாமுவை நிறுத்தியதும் நோய் கிளம்பும்.

மாற்று ஈரல் வரிசையிலும் வேறுபாடு

நோய் முற்றினால் மாற்று அறுவைதான் வழி. யார் முதலில் என்பதை முடிவு செய்ய உலகில் பல இடங்களில் மெல்ட் என்ற மதிப்பெண் பயன்படுகிறது. அதில் கிரியேட்டினின் ஓர் அங்கம். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. பெண்ணுக்குத் தசை குறைவு என்பதால் சிறுநீரகம் அதே அளவு கெட்டிருந்தாலும் எண் குறைவாகவே காட்டும், வரிசையில் பின்னுக்குப் போவார். இந்த அநியாயத்தைச் சரிசெய்ய, 2023 முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த மெல்ட் 3.0 பெண்களுக்கு 1.33 மதிப்பெண் கூட்டுகிறது. அதுவரை பின்தள்ளப்பட்ட பெண்களுக்கு இந்தத் திருத்தத்தால் பயனில்லை என்பதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

கோலாலம்பூரில் எங்கே தொடங்குவது

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), அங்கிருந்து கடிதம் வாங்கிப் போனால் அரசாங்க மருத்துவமனை நிபுணரிடமும் செலவு மிகக் குறைவு. பத்துமலைக்குப் பக்கத்தில் இருக்கும் செலாயாங் மருத்துவமனை ஈரல் நோய்க்கும் மாற்று அறுவைக்கும் சுகாதார அமைச்சின் முதன்மை மையம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் ஈரல் நிபுணர்கள் உண்டு. போகும்போது:

1. பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். ஒரே ஒரு தாளைவிட, ஆறு மாதமாக இறங்காத எண் அதிகம் பேசும்.

2. ஹெப்படைட்டிஸ் பி, சி முடிவு கையில் இருக்கட்டும். பச்சிளங்குழந்தைகளுக்கு பி தடுப்பூசி இந்நாட்டில் 1989-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

3. குடிப்பழக்கம் இருந்தால் மறைக்க வேண்டாம், இல்லையென்றால் திட்டவட்டமாகச் சொல்லுங்கள். எதுவானாலும் ஏ.என்.ஏ., எஸ்.எம்.ஏ., ஏ.எம்.ஏ., ஐ.ஜி.ஜி. ஆகிய எதிர்ப்பொருள் பரிசோதனைகளைப் பார்த்தாகிவிட்டதா என்று கேட்கலாம். ஆண்களும் கேட்கலாம்.

4. குடித்துவரும் கஷாயம், ஜாமு, கேப்சூல் எல்லாவற்றின் பாட்டிலையும் அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

5. ஸ்டீராய்டால் முகம் உப்புகிறது, பரு வருகிறது என்று கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டுப் பெண்கள் மாத்திரையை ரகசியமாக நிறுத்துவது உண்டு. நிறுத்தாமல் நிபுணரிடம் சொல்லுங்கள். சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு பியூடசொனைட் என்ற மாற்று இருக்கிறது. அசாதயோபிரின் சேர்த்து ஸ்டீராய்டு அளவையும் குறைக்கலாம்.

6. பி.பி.சி. உறுதியான ஆண்களுக்கு ஈரல் புற்றுநோய் அபாயம் பெண்களைவிடக் கூடுதல். சிரோசிஸ் உள்ள எல்லாருக்கும், பி.பி.சி. உள்ள ஆண்களுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்பது 2018-இன் அமெரிக்க வழிகாட்டுதல். அடுத்த ஸ்கேன் தேதியைக் கையில் வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.